புகையிலை ஊர்களுக்கு வந்த பணம்: இழப்பீடு வேறு, நல்கை வேறு

மானியம் என்ற ஒரே சொல்லை நாம் பல வேலைக்கு வைத்திருக்கிறோம். உர விலையில் அரசு ஏற்றுக்கொள்ளும் பங்கு மானியம். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நிதியும் மானியம். வெள்ளத்தில் பயிர் அழுகிப்போனால் கிடைக்கும் நிவாரணத்தைக்கூடப் பேச்சில் மானியம் என்றே சொல்லிவிடுகிறோம். அன்றாடம் இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் அமெரிக்காவில் புகையிலையை நம்பியிருந்த ஊர்கள் எப்படி வேறு பிழைப்புக்கு மாறின என்று பேச்சு வரும்போது, இந்தக் குழப்பம் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அடிக்கடி காதில் விழும் வாசகங்கள் மூன்று. "சிகரெட் கம்பெனிகள் இருபதாயிரம் கோடி டாலர் கொடுத்தன, அது விவசாயிகளுக்குப் போனது." "அரசு காசு கொடுத்துப் புகையிலையை நிறுத்தச் சொன்னது." "நிதி வந்தது, எல்லோரும் காய்கறிக்கு மாறிவிட்டார்கள்." மூன்றுமே தவறு. எப்படித் தவறு என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## ஒரு சாலையோர ஓட்டலும் நான்கு வகைப் பணமும்

பெரிய சாலையோரம் ஓர் ஓட்டல் நாற்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போட்டதும் லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. அந்தக் குடும்பத்தின் கைக்குப் பணம் எப்படியெல்லாம் வரலாம்?

ஓட்டல் ஓடிய காலத்திலேயே, "சாப்பாடு இந்த விலைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று அரசு சொல்லியிருந்தால் அது விலை ஆதரவு. ஓட்டல் உரிமத்தை எடுத்துக்கொண்டு அதற்கென ஒரு தொகை தந்தால் அது இழப்பீடு. வங்கி தந்தால் கடன். "புதுச் சாலையோரம் பேக்கரி போடுங்கள், அடுப்பு வாங்கும் செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம், திருப்பித் தர வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அது நல்கை. கிராண்ட் என்று சொல்கிறோமே, அதுதான்.

இழப்பீடு என்பது கைவிட்டுப் போனதற்கான விலை. அதை வைத்து மகளுக்குக் கல்யாணம் செய்யலாம், கடனை அடைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நல்கை இனிமேல் தொடங்கப்போகும் வேலைக்கு. அடுப்பு என்று எழுதிக் கொடுத்தால் அடுப்புதான் வாங்க வேண்டும், பில்லும் காட்ட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

## புகையிலையை விடுவது ஏன் அவ்வளவு கடினம்

1938-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த வேளாண் சட்டத்தின் கீழ், புகையிலைக்கு ஒதுக்கீட்டு முறை வந்தது. ஒதுக்கீடு என்றால், இந்த நிலத்திலிருந்து இவ்வளவு புகையிலைதான் விற்கலாம் என்ற உரிமை. பஸ் பெர்மிட்டைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் வேறு, பெர்மிட் வேறு. பெர்மிட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. புகையிலை ஒதுக்கீட்டையும் வாடகைக்கு விட்டார்கள். விவசாயத்தை விட்டு நகரத்தில் வாழும் மூதாட்டி ஒருவர் தன் பங்கை ஆண்டு வாடகைக்குக் கொடுத்து அதில் வயிற்றைக் கழுவுவதும், பயிர் வைப்பவர் பத்துப் பேரிடம் ஒதுக்கீட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் சாதாரணம்.

ஒதுக்கீட்டோடு விலை ஆதரவும் சேர்ந்து வந்தது. ஏலத்தில் கேட்ட விலை அரசு நிர்ணயித்த தரையைத் தாண்டவில்லை என்றால், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் அரசுக் கடனில் அந்த இலையை வாங்கிக் கிடங்கில் வைத்துக்கொள்ளும். விவசாயிக்கு அன்றே காசு.

பணம் எவ்வளவு என்று பாருங்கள். 2004-இல் வெப்பக் காற்றில் உலர்த்தும் வகைப் புகையிலை பவுண்டுக்குச் சுமார் 1.85 டாலர் விற்றது. ஏக்கருக்கு 2,000 பவுண்டு என்று வைத்தால் 3,700 டாலர். அதே நிலத்தில் மக்காச்சோளம் போட்டால் அன்றைய விலையில் ஏக்கருக்கு 300 டாலரைத் தொடுவதே பெரிய காரியம். புகையிலைக்குச் செலவும் கூலியும் அதிகம்தான். ஆனாலும் இருபது முப்பது ஏக்கர் வைத்திருந்த குடும்பம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது இந்தப் பயிரால்தான்.

விலையைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. பலரும் கவனிக்காதது அது. புகையிலை விவசாயி வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இலையைக் கிடங்குக்குக் கொண்டுபோனால் போதும். பொட்டலம் கட்டுவது, குளிர்பதனம், கடைக்காரரோடு பேரம், வாரந்தோறும் சப்ளை எதுவும் தெரியத் தேவையில்லை. உலர்ந்த இலை இன்றே விற்காவிட்டால் நாளை அழுகிவிடாது. ஒரு பயிரை விடுவதென்றால், இரண்டு மூன்று தலைமுறையாகக் கட்டி வைத்த இந்த ஏற்பாடு முழுவதையும் விடுவது.

சுருக்கமாக: ஒதுக்கீடு என்பது விற்கும் உரிமை; விலை ஆதரவு என்பது விலைக்கு இட்ட தரை. இரண்டும் சேர்ந்து, சிறு நிலத்தில் பெரிய வருமானமும் உறுதியான சந்தையும் கொடுத்தன.

## 1998-இல் வந்த பணம், 2004-இல் வந்த பணம்

புகை பிடித்து நோயுற்றவர்களுக்கு மருத்துவம் பார்த்த செலவைக் கேட்டு மாநில அரசுகள் சிகரெட் நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டன. 1998 நவம்பரில் நான்கு பெரிய நிறுவனங்களும் 46 மாநிலங்களும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. முதல் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர், அதன்பின்னும் ஆண்டுதோறும் தவணை. மிசிசிப்பி, புளோரிடா, டெக்சாஸ், மின்னசோட்டா ஆகிய நான்கும் முன்பே தனித்தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்தன.

முதல் வாசகத்தின் தவறு இங்கேதான். இந்தப் பணம் மாநில அரசுகளுக்குச் சேர்ந்தது. அதை எதற்குச் செலவிட வேண்டும் என்று உடன்படிக்கை கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தன் விருப்பப்படி தீர்மானித்தது. பல மாநிலங்களில் பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கவே பெரும் பங்கு போனது. விவசாயிகளுக்கென்று ஒதுக்கியவை சில மாநிலங்கள் மட்டும். அதோடு தவணையின் அளவு சிகரெட் விற்பனையோடு கட்டப்பட்டிருக்கிறது: விற்பனை குறைந்தால் தவணையும் குறையும், விலைவாசிக்கு ஏற்ப ஓரளவு கூட்டிக் கொடுக்கப்படும்.

சிகரெட் விலை ஏறி விற்பனை சரிந்தால் அடி விழப்போவது இலை பயிரிடுபவர்களுக்கு. அதனால் 1999-இல் புகையிலை வளரும் 14 மாநிலங்களின் விவசாயிகளுக்கும் ஒதுக்கீட்டு உரிமையாளர்களுக்கும் 12 ஆண்டுகளில் 515 கோடி டாலர் தர நிறுவனங்கள் தனி அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தின. இது இழப்பீட்டு வகை.

பிறகு பெரிய மாற்றம். 2004 அக்டோபரில் கையெழுத்தான சட்டம், 1938 முதல் வந்த ஒதுக்கீட்டையும் விலை ஆதரவையும் ஒரேயடியாக முடித்துவைத்தது. பதிலுக்கு, ஒதுக்கீட்டின் உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், அதில் பயிர் வைத்தவருக்குப் பவுண்டுக்கு 3 டாலர், பத்து ஆண்டுத் தவணையில். பணம் சிகரெட் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்களிடமிருந்து வசூலானது. மொத்தம் ஆயிரம் கோடி டாலர் அளவில்.

கணக்கு போட்டால் யாருக்கு எவ்வளவு என்பது விளங்கும். 10,000 பவுண்டு ஒதுக்கீட்டை மூதாட்டி வைத்திருக்கிறார், வேறொருவர் வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். மூதாட்டிக்கு ஆண்டுக்கு 7,000 டாலர். பயிர் செய்தவருக்கு ஆண்டுக்கு 3,000 டாலர். இலை பறித்த கூலியாளுக்கு ஒன்றுமில்லை. ஏலக் கிடங்கில் எடை போட்டவருக்கும், அந்த ஊரில் டிராக்டர் பழுது பார்த்தவருக்கும், உரக்கடை வைத்திருந்தவருக்கும் ஒன்றுமில்லை. இழப்பீடு உரிமையைப் பின்தொடரும், உழைப்பைப் பின்தொடராது. இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது.

இரண்டாவது வாசகத்தின் தவறும் இதில் தெரிந்துவிடும். புகையிலை பயிரிடுவதை 2004 சட்டம் தடுக்கவே இல்லை. ஒதுக்கீட்டுத் தேவையை எடுத்துவிட்டதால் யாரும் எவ்வளவும் பயிரிடலாம் என்றாயிற்று. தரை போனதும் விலை அடுத்த ஆண்டே பவுண்டுக்கு 1.50 டாலர் அளவுக்கு இறங்கியது. சிறியவர்கள் வெளியேறினார்கள், பெரியவர்கள் சிகரெட் நிறுவனங்களோடு நேரடி ஒப்பந்தம் போட்டு இன்னும் பெரியவர்களானார்கள். வேளாண் கணக்கெடுப்பின்படி 2002-இல் சுமார் 57,000 பண்ணைகளில் புகையிலை இருந்தது. 2007-இல் சுமார் 16,000. 2012-இல் சுமார் 10,000. 2022-இல் மூவாயிரத்துக்கும் கீழே.

இதுவரை வந்தது: 1998 உடன்படிக்கைப் பணம் மாநிலங்களுக்கு. 2004 பணம் ஒதுக்கீட்டுக்கு இழப்பீடு. இரண்டுமே தம்மளவில் யாரையும் வேறு பயிருக்கு மாற்றும் பணமல்ல.

## நல்கை எங்கிருந்து வந்தது

1998 தவணையில் ஒரு பங்கை எடுத்துவைத்த சில மாநிலங்களிலிருந்து.

வட கரோலினா 1999-இல் தன் பங்கில் பாதியை கோல்டன் லீஃப் என்ற அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. இது ராக்கி மவுண்ட் நகரில் இருக்கிறது. ஊருக்குக் குடிநீர்க் குழாய், தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு என்று சமூக அளவிலான வேலைகளைப் பார்க்கிறது. இன்னொரு கால் பங்கு புகையிலை அறக்கட்டளை நிதி ஆணையத்துக்குப் போனது. அது பண்ணைகளுக்கு நெருக்கமானது. பல நேரங்களில் தன்னார்வ அமைப்புகள் வழியாகச் சிறு நல்கைகளாகப் பிரிந்து விவசாயியை அடைகிறது. பிட்ஸ்பரோவில் உள்ள ராஃபி-யு.எஸ்.ஏ. அமைப்பு அப்படி ஒரு வழியாக இருந்தது.

கென்டக்கி 2000-இல் சட்டம் போட்டுப் பாதிப் பங்கை வேளாண்மைக்கே வைத்தது. அதில் ஒரு பகுதி கவுன்டி அளவில் பிரிக்கப்படுகிறது (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, அளவில் சிறியது). எந்தக் கவுன்டி எவ்வளவு புகையிலையை நம்பியிருந்ததோ அதற்கேற்ற பங்கு. ஒவ்வொரு கவுன்டியிலும் உள்ளூர்க்காரர்கள் உட்காரும் குழு ஒன்று, எதற்குச் செலவிடலாம் என்று முன்னுரிமை வகுக்கும்.

வர்ஜினியாவில் 1999-இல் அமைந்த ஆணையம் மாநிலத்தின் தெற்கு, தென்மேற்குப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. இணைய இணைப்புக் கம்பி இழுப்பது முதல் கல்லூரிக் கட்டடம் வரை செலவிட்டது. இந்த மாநிலம் இன்னொன்றும் செய்தது: எதிர்காலத் தவணைகளைக் கடன் பத்திரங்களாக்கி விற்று மொத்தமாகப் பணம் வாங்கி, அதை முதலீடாக வைத்தது. வீட்டு வாடகையை மாதாமாதம் வாங்குவதற்குப் பதில், இருபது ஆண்டு வாடகையைக் கழிவு போக இன்றே வாங்கிக்கொள்வது போல. வரும் தவணை குறைந்துகொண்டே போகும் என்று தெரிந்த நிலையில் அதில் ஒரு நிதானம் இருக்கிறது.

மேரிலாண்ட் வேறு வழியில் போனது. புகையிலையை நிரந்தரமாக விடச் சம்மதித்தவருக்கு, அவர் முன்பு விளைத்த அளவுக்குப் பவுண்டுக்கு 1 டாலர் வீதம் பத்து ஆண்டு. நிலத்தை விவசாயத்திலேயே வைத்திருக்க வேண்டும். "காசு கொடுத்து நிறுத்தினார்கள்" என்ற வாசகம் பொருந்துவது இங்கே மட்டும்தான். அரசுப் பணம் வாங்குவதில்லை என்ற கொள்கை கொண்ட, ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் அதில் சேராமல் புகையிலையைத் தொடர்ந்தார்கள்.

## ஒரு நல்கை நடைமுறையில் எப்படி நடக்கிறது

பண்ணை அளவிலான நல்கைகள் பெரும்பாலும் இரண்டு விதிகளில் நிற்கின்றன.

முதலாவது செலவுப் பகிர்வு. மொத்தச் செலவில் பாதியை விவசாயி போட வேண்டும், பாதி நல்கை. முழுவதும் கொடுத்துவிட்டால், தேவையே இல்லாத கருவியையும் இலவசம்தானே என்று வாங்கி மூலையில் போட்டுவிடுவார்கள். தன் கைக்காசு பாதி போகும்போது மனிதர் இரண்டு முறை யோசிப்பார்.

இரண்டாவது, செலவழித்த பின் ஈடு செய்வது. சில மருத்துவக் காப்பீட்டில் நாமே முதலில் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு ரசீதைக் கொடுத்துப் பணம் வாங்குவோமே, அதேதான். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக மட்டும். புகையிலையைக் குறைத்துக்கொண்டு கீரை, ஸ்ட்ராபெரி விற்க நினைக்கும் ஒருவருக்குக் குளிரறை வேண்டும். பெரிய குளிர்பதன எந்திரத்துக்குப் பதில் சிறு பண்ணைகளில் ஒரு மலிவு வழி பரவியிருக்கிறது. எட்டுக்குப் பத்து அடி அறையின் சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றுக்கும் கனமான வெப்பத் தடுப்புப் பலகை. சாதாரண ஜன்னல் ஏ.சி. ஒன்று, 12,000 முதல் 15,000 பி.டி.யு. திறனுள்ளது. அதோடு கூல்பாட் என்ற சிறு கட்டுப்பாட்டுக் கருவி. ஜன்னல் ஏ.சி. வழக்கமாக 16 டிகிரிக்குக் கீழே குளிர்விக்காமல் நின்றுவிடும். கூல்பாட் அதன் உணரியை லேசாகச் சூடாக்கி, அறை இன்னும் வெப்பமாகத்தான் இருக்கிறது என்று நம்பவைக்கும், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். ஏ.சி.யின் உலோகத் தகடுகளில் பனி கட்டத் தொடங்கினால் நிறுத்தி உருகவிடும். அறை 3, 4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். கதவு இடுக்கில் காற்று கசிந்தால் இத்தனையும் வீண்.

பலகையும் மரமும் 5,200, ஏ.சி.யும் கட்டுப்பாட்டுக் கருவியும் 1,100, மின்வேலை 1,200, கூடைகளும் தட்டுகளும் 500. மொத்தம் 8,000 டாலர். நல்கை 4,000. ஆனால் வரிசை இப்படி: முதலில் விண்ணப்பம். அதில் என்ன வாங்கப்போகிறேன், யாரிடம் விற்கப்போகிறேன், கையில் என்ன இருக்கிறது என்ற விவரமும் விலைப்புள்ளிகளும். ஒப்புதல் கடிதம் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே வாங்கலாம். அவசரப்பட்டு முந்தின மாதமே வாங்கிய ஏ.சி.யின் பில்லை ஏற்கமாட்டார்கள். பிறகு 8,000 டாலரையும் விவசாயியே செலவழிக்க வேண்டும். ரசீது, வங்கிக் காசோலை நகல், படம் எல்லாம் கொடுத்து, சில திட்டங்களில் ஆள் வந்து பார்த்த பின் 4,000 திரும்பி வரும். அது வருமானமாகக் கருதப்பட்டு வரிக் கணக்கிலும் ஏறும்.

ஆக, 4,000 டாலர் நல்கை பெற ஒருவர் 8,000 டாலரைப் புரட்டக்கூடியவராக இருக்க வேண்டும். மிகவும் தேவையுள்ளவருக்கே இது கைக்கெட்டாமல் போகிறது. நன்றாக வகுத்த திட்டங்கள் இதற்கென்றே பாதித் தொகையை முன்பணமாகத் தருகின்றன, அல்லது இடைக்காலக் கடனுக்கு வழி காட்டுகின்றன. சொந்த உழைப்பைச் சில திட்டங்கள் விவசாயியின் பங்கில் சேர்த்துக்கொள்ளும், சில சேர்க்காது. விண்ணப்பத்துக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பழைய கடனை அடைப்பது, நிலம் வாங்குவது, அன்றாட டீசல் செலவு போன்றவை வழக்கமாக நல்கையில் சேராது.

நினைவில் வைக்க: செலவுப் பகிர்வு என்றால் பாதி உங்களுடையது. ஈடு செய்தல் என்றால் முழுதும் முதலில் உங்களுடையது.

## அந்தப் பணம் உண்மையில் எதை வாங்குகிறது

குளிரறை என்று பார்த்தால் அது பலகையும் ஏ.சி.யும். உள்ளே பார்த்தால் அது அவகாசம். காலையில் பறித்த ஸ்ட்ராபெரியை ஒரு மணி நேரத்துக்குள் குளிர்விக்காவிட்டால் அடுத்த நாளே தொய்ந்துவிடும். குளிர்வித்தால் கடைக்காரரிடம் "வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்" என்று வாக்குக் கொடுக்க முடியும். புகையிலை தந்த அவகாசத்தை, அதாவது அழுகாத சரக்கையும் உறுதியான வாங்குபவரையும், துண்டு துண்டாகத் திரும்பக் கட்டுவதுதான் பல பயிராக்கம். பயிர் பெயரை மாற்றுவது அதில் சிறு பகுதி. புகையிலையை முழுதாக விடவேண்டும் என்றுகூட இல்லை. வருமானம் ஒரே காலில் நிற்காமல் பார்த்துக்கொள்வது போதும்.

வட கரோலினாவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இதற்கு நல்ல பாடம். 1971 முதல் அந்த மாநிலம்தான் அமெரிக்காவில் முதலிடம். புகையிலைக்கு ஒத்துவந்த மணற்பாங்கான நிலம் கிழங்குக்கும் ஒத்துவரும். ஆனால் கிழங்கை வெட்டியதும் விற்றால் அறுவடைக் காலத்தில் விலை தரையில் கிடக்கும். 29, 30 டிகிரி வெப்பத்தில், 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்தில் நான்கு முதல் ஏழு நாள் வைத்தால் வெட்டுக்காயங்கள் ஆறித் தோல் இறுகும். பின் 13 முதல் 15 டிகிரியில் சேமித்தால் பல மாதம் தாங்கும். 12 டிகிரிக்குக் கீழே நீண்டநாள் போனால் வேகவைத்தாலும் நடுவில் கடினமாகவே நிற்கும். புகையிலை உலர்த்தும் கொட்டகையில் வெப்பமும் விசிறியும் உண்டு. ஈரப்பதமும் குளிர்ச்சியும் கிடையாது. இலையின் ஈரத்தை வெளியேற்றக் கட்டிய கொட்டகை கிழங்கின் ஈரத்தைக் காப்பாற்ற உதவாது. பழைய கொட்டகையை அப்படியே பயன்படுத்தலாம் என்ற கணக்கு இங்கே உடைகிறது. இந்த மாநிலத்தில் கிழங்கு வென்றதற்குச் சேமிப்புக் கிடங்குகள், பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்ட கோவிங்டன் ரகம், ஐரோப்பிய ஏற்றுமதி மூன்றும் காரணம். ஒரு தனி நல்கை இதைச் செய்திருக்க முடியாது.

தனி விவசாயியால் முடியாததைக் கூட்டாகச் செய்யவும் நல்கை உதவியது. 2004-இல் வட கரோலினாவின் புகையிலை அறக்கட்டளை நிதி ஆணையத்தின் நல்கையோடு தொடங்கிய ஈஸ்டர்ன் கரோலினா ஆர்கானிக்ஸ், பல பண்ணைகளின் இயற்கை விளைபொருளைச் சேர்த்துக் கடைகளுக்கு விற்றது. பின்னர் விவசாயிகளே அதன் உரிமையாளர்களானார்கள். வர்ஜினியாவின் தென்மேற்கு மூலையில் டஃபீல்டு ஊரில் அப்பலாச்சியன் ஹார்வெஸ்ட் அதேபோல் ஒரு பொது தரம் பிரிக்கும் கூடத்தை நடத்தியது. பேரங்காடிக்கு ஒரே அளவுத் தக்காளி, ஒரே பெட்டி, குறித்த நாள், உணவுப் பாதுகாப்புச் சான்று எல்லாம் வேண்டும். அரை ஏக்கர் தக்காளி வைத்தவர் தனியே அந்த வாசலை மிதிக்கவே முடியாது.

## எங்கே தவறுகிறது, ஏன்

"நிதி வந்தது, எல்லோரும் மாறிவிட்டார்கள்" என்ற மூன்றாவது வாசகத்தின் தவறு இங்கே தெரியும். மண்ணிலிருந்து தொடங்குவோம். புகையிலை, தக்காளி, மிளகாய், கத்தரி நான்கும் ஒரே குடும்பம். வட கரோலினாவின் கிரான்வில் கவுன்டி பெயரிலேயே வழங்கும் பாக்டீரியா வாடல் நோய் புகையிலையைக் கொல்வது போலவே தக்காளியையும் கொல்லும். கிருமி ஆண்டுக்கணக்கில் மண்ணில் இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவும் அப்படித்தான். "புகையிலை நன்றாக வந்த நிலம், தக்காளி பிரமாதமாக வரும்" என்று நம்பி நட்டவர், செடி பச்சையாக இருக்கும்போதே துவண்டு விழுவதைப் பார்ப்பார். முந்தின ஆண்டு தெளித்த களைக்கொல்லியின் எச்சம் இன்னொன்று. எந்தப் பயிரை எத்தனை மாதம் கழித்து நடலாம் என்பது அதன் லேபிளிலேயே இருக்கும், அதைப் பார்க்காமல் விதைத்தால் முளை வெளுத்துப்போகும். புளூபெரிக்கு மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 4.5 முதல் 5 வரை இருக்க வேண்டும்; புகையிலை நிலம் 6-ஐ ஒட்டி இருக்கும். கந்தகம் போட்டு இறக்க நடவுக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். அந்த ஓராண்டு நல்கை அட்டவணையில் இல்லையென்றால் விவசாயி அவசரப்பட்டு நடுவார், செடி மஞ்சளாகிவிடும்.

அடுத்தது, பாதி அமைப்பை மட்டும் வாங்குவது. வட கரோலினாவில் ஸ்ட்ராபெரியை அக்டோபர் தொடக்கத்தில் பிளாஸ்டிக் நிலப்போர்வையில் நட்டு, ஏப்ரல் நடுவிலிருந்து பறிப்பார்கள். மார்ச், ஏப்ரலில் பூத்த நேரத்தில் உறைபனி இறங்கினால் பூவின் நடு கறுத்துவிடும். காப்பாற்ற இரவெல்லாம் மேலிருந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் காக்கும். பனி உருகத் தொடங்கும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நிறுத்தினால் தெளிக்காமல் விட்டதைவிட மோசம். நிலப்போர்வைக்கும் நாற்றுக்கும் நல்கை வாங்கிவிட்டு, குளத்துக்கும் பம்புக்கும் கேட்காதவர் ஒரே இரவில் பருவத்தை இழப்பார்.

மூன்றாவது, எல்லோரும் ஒன்றையே செய்வது. ஒரு கவுன்டியில் இருபது பேர் ஒரே ஆண்டு ஸ்ட்ராபெரிக்கு மாறினால் உள்ளூர்ச் சந்தை தாங்காது. இதன் பெரிய வடிவம் ஹெம்ப். போதை தராத கஞ்சா வகையான இதை 2018 இறுதியில் வந்த வேளாண் சட்டம் நாடெங்கும் அனுமதித்தது. புகையிலை நாற்று நடும் அதே எந்திரம், தொங்கவிட்டு உலர்த்தும் அதே கொட்டகை. கென்டக்கி விவசாயிகளுக்கு அது கைக்கு வந்த கனி போலத் தெரிந்தது. பயிரிட்ட அளவு வாங்கும் ஆலைகளின் திறனை வெகுவாகத் தாண்டியது. 2019 அறுவடை கொட்டகையில் தொங்கும்போதே விலை சரிந்தது. ஒப்பந்தம் போட்ட ஆலைகள் சில பணம் தராமல் திவாலாயின. பயிர் தோற்கவில்லை, கருவியும் இருந்தது, வாங்க ஆளில்லை.

நான்காவது, எதைச் சாதித்தோம் என்று அளக்காமல் விடுவது. இத்தனை டாலர் கொடுத்தோம் என்பதைச் சாதனையாகக் காட்டுவது எளிது. ஐந்தாண்டு கழித்து அந்தப் பண்ணை அந்தப் பொருளை இன்னும் விற்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் அளவு. கண்காணிப்பு தளர்ந்தால் நேர்வதற்கு வர்ஜினியாவே சாட்சி: எழுத்தறிவுத் திட்டம் ஒன்றுக்குப் போன நல்கையிலிருந்து சுமார் 40 லட்சம் டாலரைச் சுருட்டியதற்காக, முன்பு அந்த ஆணையத்திலேயே உறுப்பினராக இருந்தவர் 2010-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

கென்டக்கி நிதியில் கணிசமான பங்கு மாட்டுப் பண்ணைக்கு வேலி, வைக்கோல் கொட்டகை, நல்ல காளை என்று போனது. இதை வீண் என்று குறை சொல்வோர் உண்டு. மாடு அங்கே ஏற்கெனவே இருந்ததுதானே என்பார்கள். இந்தக் குறை முழுக்கச் சரியல்ல. விவசாயிக்கு மாடு வளர்க்கத் தெரியும், சந்தையும் பக்கத்தில் இருக்கிறது, தோற்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஏக்கருக்கு மாட்டில் வரும் வருமானம் புகையிலைக்கு அருகில்கூட வராது. பதினைந்து ஏக்கர்க்காரரை அது காப்பாற்றாது. நிலம் அதிகம் உள்ளவருக்கு அந்த நல்கை, நிலம் குறைவானவருக்குக் குளிரறையும் கூட்டுச் சந்தையும் என்று பிரித்துப் பார்ப்பதே சரி.

## ஒரு திட்டத்தைப் படிக்கும்போது எதைத் தேடுவது

முன்பணம் உண்டா, முழுதும் ஈடு செய்வதா? வாடகை நிலத்தில் பயிர் வைப்பவரும் கூலியாட்களும் விண்ணப்பிக்கலாமா, நிலத்தின் உரிமையாளர் மட்டுமா? விண்ணப்பம் வாங்குபவர் யார் என்று கேட்கிறதா, பயிர் என்ன என்பதோடு நின்றுவிடுகிறதா? காலக்கெடு ஓராண்டு என்றால், மூன்றாம் ஆண்டில்தான் முதல் மகசூல் தரும் திராட்சைக்கும் அதே ஓராண்டா?

நிதியின் ஊற்று எது என்பதையும் பார்க்க வேண்டும். 1998 உடன்படிக்கைத் தவணை ஆண்டுதோறும் ஏப்ரல் நடுவில் மாநிலங்களுக்கு வருகிறது. விற்ற சிகரெட்டின் அளவைப் பொறுத்து அந்தத் தொகை கணக்கிடப்படுகிறது. புகைப்பவர்கள் குறையக் குறைய, அது வரவேற்க வேண்டிய செய்திதான், நல்கைப் பெட்டியும் சுருங்குகிறது. வர்ஜினியா ஆணையம் தான் வைத்திருக்கும் முதலீட்டைக் கொண்டு நடக்கிறது. தவணையை நம்பியிருக்கும் மாநிலத்தில், கவுன்டிக் குழு இந்த ஆண்டு எத்தனை குளிரறைக்குக் கையெழுத்துப் போடலாம் என்பது அந்த ஏப்ரல் கணக்கைப் பார்த்த பிறகுதான் தெரியும்.